தசைப்பிடிப்பு மாத்திரை: அட்டையின் பின்பக்கத்தை வாசிக்கும் முறை

தண்டையார்பேட்டையில் நான் மருந்தாளுநராக நிற்கும் கடையில், காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் உடம்பை வைத்துப் பிழைப்பவர்கள். காசிமேட்டில் மீன் எடுத்து அன்னக்கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்கள், துறைமுகத்துக்குள் போவதற்காக எண்ணூர் விரைவுச்சாலையில் இரவெல்லாம் வரிசையில் கிடந்த கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், பாரிமுனைக் கிடங்குகளில் மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன்கள் என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: “இடுப்பு புடிச்சிக்கிச்சுண்ணா, புடிப்புக்கு ஒரு மாத்திர குடு.”

பிடிப்புக்கென்று ஒரே ஒரு மாத்திரை இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயருக்குள் ஏழெட்டு மருந்துகள் இருக்கின்றன. வேலை செய்யும் விதத்திலும், தூக்கத்தை வரவழைக்கும் அளவிலும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதிலும் அவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. போதாக்குறைக்கு, அவற்றில் பல தனியாக வராமல் ஒன்றிரண்டு வலி மருந்துகளோடு கலந்தே கைக்கு வருகின்றன. உங்கள் கையில் உள்ள அட்டையில் என்ன இருக்கிறது என்று நீங்களே கண்டறியவும், கண்டறிந்தபின் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சரியான கேள்வியைக் கேட்கவும் உதவவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மருத்துவரின் சீட்டுக்கு இது மாற்று ஆகாது. இந்த மாத்திரைகளின் அட்டை ஓரத்தில் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோட்டின் பொருளே, சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பதுதான்.

மருந்து எங்கே வேலை செய்கிறது

மூட்டையைக் கோணலாகத் தூக்கும்போது இடுப்புத் தசையில் சிறு காயம் ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி உண்டான இடத்திலிருந்து நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து அதே தசைக்கு இறுகிக்கொள்ளும்படி கட்டளை வருகிறது. இறுகிய தசை மேலும் வலிக்கிறது. அந்த வலி மறுபடியும் தண்டுவடத்துக்குப் போகிறது. பிடிப்பு என்று நாம் சொல்வது இந்தச் சுழற்சியைத்தான். காயம்பட்ட இடம் அசையாமல் இருக்க உடம்பு தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே தணிந்துவிடும்.

பிடிப்பு மாத்திரையில் இருக்கும் மருந்துக்குத் தசை தளர்த்தி என்று பெயர். அது அந்த இடுப்புத் தசையைத் தேடிப் போய்த் தடவிக் கொடுப்பதில்லை. ஏறத்தாழ எல்லாத் தசை தளர்த்திகளும் தண்டுவடத்திலும் மூளையிலும்தான் வேலை செய்கின்றன. அங்கே நரம்புகளின் பரபரப்பைக் குறைப்பதால்தான் தசைக்குப் போகும் கட்டளையும் குறைகிறது. இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். மூளையில் வேலை செய்யும் மருந்து என்பதால் தூக்கம் வருகிறது, தலை சுற்றுகிறது, கால் தள்ளாடுகிறது, சொன்னது மறந்துபோகிறது. இவற்றை மருந்து தரும் தனியான தொல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வேலை செய்யும் இடமே அது. தசைக்குள்ளேயே நேராக வேலை செய்யும் மாத்திரை என்று சொல்லத்தக்கது டான்ட்ரோலின் ஒன்றுதான். அது இடுப்புப் பிடிப்புக்குக் கொடுக்கப்படுவது இல்லை.

பெயர்க் குழப்பத்தால் கடையில் அடிக்கடி நேரும் தவறுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலிக்குக் கொடுக்கப்படும் டைசைக்ளோமின், ட்ரோடாவெரின் ஆகியவை குடல், கருப்பை போன்ற உள்ளுறுப்புத் தசைகளுக்கானவை. இடுப்புக்கோ கழுத்துக்கோ அவற்றால் பயனில்லை. அறுவை சிகிச்சையின்போது மயக்க மருத்துவர் செலுத்தும் தசை தளர்த்திகள் முற்றிலும் வேறு இனம். அவை நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் கட்டளையையே துண்டித்துவிடுவதால் மூச்சுவிடும் தசையும் நின்றுவிடும், அதனால்தான் குழாய் வைத்து மூச்சுக் கொடுக்கிறார்கள். “ஆபரேஷனுக்குப் போடுற மருந்துதானே இது” என்று அஞ்சிய ஒரு பாட்டிக்கு இதை விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த அச்சம் நியாயமானதே, பெயர் ஒன்றாக இருக்கிறதே.

அட்டையைத் திருப்புங்கள்

ஒரு நாள் மதியம், திருவொற்றியூர்ப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வந்த ஓட்டுநர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கடைகளில் வாங்கியவை. ஒன்று வலிக்கு, மற்றது பிடிப்புக்கு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் இரண்டையும் சேர்த்துப் போட்டவருக்கு நெஞ்சு எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். முதல் அட்டையில் டைக்ளோஃபெனாக் 50 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., குளோர்சாக்சசோன் 250 மி.கி. என்று இருந்தது. இரண்டாவதில் அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., டிசானிடின் 2 மி.கி. இருந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு வலி மருந்துகள், இரட்டைப் பாராசிட்டமால், இரண்டு தசை தளர்த்திகள் ஆகிய எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, நாற்பது அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆகவே முதல் வேலை, அட்டையின் முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருக்கும் விற்பனைப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள வரிகளைப் படிப்பது. ‘ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியுள்ளவை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கும் அந்த வரிகளில் மருந்தின் உண்மைப் பெயரும் அளவும் இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எடோரிகாக்சிப் ஆகியவற்றில் ஏதாவது இரண்டு உங்கள் அட்டைகளில் சேர்ந்துவந்தால் ஒன்றை நிறுத்தியே ஆகவேண்டும். எதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முன்பக்கப் பெயரின் வால் எழுத்துகளை நம்பி வாங்குவது இன்னும் ஆபத்தானது. வலி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எம்ஆர்’ என்று இருந்தால் பெரும்பாலும் தசை தளர்த்தி சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதே ‘எம்ஆர்’ சர்க்கரை நோய்க்கான கிளிக்லசைட் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் இருந்தால், மருந்து மெல்ல மெல்லக் கரைந்து வெளிவரும்படி செய்யப்பட்டது என்று பொருள். வலி மாத்திரைகளில் ‘எஸ்பி’ என்ற வால் இருந்தால் வீக்கத்துக்காகச் சேர்க்கும் செராஷியோபெப்டிடேஸ் இருக்கும், தசை தளர்த்தி இருக்காது. இரண்டு எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து “எம்ஆர் போட்டது எதுவா இருந்தாலும் பரவால்ல” என்று கேட்பவர்களுக்கு நான் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை.

கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வேறு துண்டில் போய்விடுவது உண்டு. பெயருள்ள துண்டையே கேட்டு வாங்குங்கள், அல்லது முழு அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் மடித்து, ‘செட் மாத்திரை’ என்று உதிரியாகத் தருவதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் இருக்கும் சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை பல சமயம் ஸ்டீராய்டாக இருக்கும். வலி உடனே பறந்துவிடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் ஏறும்.

ஒவ்வொன்றும் ஒருவிதம்

பின்பக்கத்தில் டிசானிடின் என்று இருந்தால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை போடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருண்டு விழக்கூடும். வாய் உலரும், நன்றாகத் தூக்கம் வரும். மூன்றாவது விஷயம்தான் பலருக்கும் தெரியாதது: பேதிக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் நம் ஊரில் சர்வசாதாரணமாகப் போடும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, டிசானிடினைக் கல்லீரல் சிதைக்கும் வழியை அடைத்துவிடுகிறது. அதனால் உடம்பில் டிசானிடினின் அளவு சுமார் 10 மடங்கு வரை ஏறுகிறது. 2 மி.கி. விழுங்கியவர் 20 மி.கி. விழுங்கியதற்கு ஒப்பாக மயங்கிச் சரிவார். இந்த இரண்டையும் ஒரே நாளில் சேர்க்கவே கூடாது. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் டிசானிடினின் அளவு கூடும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தயோகோல்சிகோசைடு என்று இருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி வாங்க வந்தவருடைய வயது. பெண்ணாக இருந்தால் இரண்டாவது கேள்வி கர்ப்பம் பற்றியது. இம்மருந்து உடம்பில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், பிரியும் உயிரணுக்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் குலைக்கக் கூடியது என்று சோதனைகளில் தெரிந்ததால், 2013ஆம் ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை இதற்குக் கடுமையான வரம்பு விதித்தது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது; கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் கூடாது; கருத்தடை முறை எதையும் பின்பற்றாத, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் கூடாது; வாய்வழி 12 மணி நேரத்துக்கு 8 மி.கி.க்கு மிகாமல் தொடர்ந்து 7 நாட்கள் மட்டுமே எடுக்கலாம். தூக்கம் குறைவு என்பதால் நம் ஊரில் இது மிகவும் விரும்பப்படும் மருந்து. கூடை சுமக்கும் இளம்பெண்களிடம் “நாள் தள்ளிப் போயிருக்காம்மா?” என்று கேட்க எனக்கும் கூச்சம்தான், ஆனாலும் கேட்கிறேன். வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

குளோர்சாக்சசோன் சிறுநீரை ஆரஞ்சு அல்லது ஊதா கலந்த சிவப்பு நிறமாக்கலாம். மெத்தோகார்பமால் பழுப்பாகவோ கருப்பாகவோ பச்சையாகவோகூட ஆக்கலாம். நிறம் மட்டும் மாறினால் கவலை வேண்டாம். ஆனால் குளோர்சாக்சசோன் அபூர்வமாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால், நிறம் மாறியதோடு கண் மஞ்சளாகி, சோறு பிடிக்காமல், குமட்டலும் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எபெரிசோன் மற்றவற்றைவிடக் குறைவாகவே தூக்கம் தருவது. டயசெபாம் பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும். அதைக் கடையில் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்கிறோம்.

எப்படி எடுப்பது, எதோடு எடுக்கக் கூடாது

முதல் மாத்திரையை இரவில், மறுநாள் காலையில் வண்டி ஓட்டவோ ஏணி ஏறவோ கடலுக்குப் போகவோ தேவையில்லாத ஒரு நாளில் எடுங்கள். அந்த மருந்து உங்கள் உடம்பில் எவ்வளவு தூக்கம் தருகிறது, காலையில் எவ்வளவு மந்தமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பகல் வேளை மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். பகலிலும் எடுக்கும்படி சீட்டில் எழுதியிருந்தால், “நான் லாரி ஓட்டுறேன், சார்” என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அவர் உங்கள் தொழிலைக் கேட்க மறந்திருக்கக் கூடும். பெரும்பாலும் இரவு வேளை மட்டும் போதும் என்று மாற்றித் தருவார்.

மதுவோடு சேர்க்கக் கூடாது. உடம்பு வலிக்கு மாத்திரையும் போட்டு, அலுப்புக்குக் குவார்ட்டரும் அடிக்கும் வழக்கம் நம் பகுதியில் இருப்பதால் இதை மனம் நொந்து சொல்கிறேன்: இரண்டும் மூளையை ஒரே திசையில் அழுத்துகின்றன, அந்த உறக்கத்தில் மூச்சு மந்தமாகி எழாமலே போனவர்கள் உண்டு. தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் செடிரிசின் வகைகள், நரம்பு வலிக்கான பிரிகாபலின், கபாபென்டின், டிரமடால் ஆகியவையும் இதே திசையில் அழுத்துபவைதான். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் குளோர்சாக்சசோன், மெத்தோகார்பமால் போன்றவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் காரணம்.

கலவை மாத்திரையில் உள்ள வலி மருந்தைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கத்திரி வெயிலில் நாள் முழுவதும் வியர்வை ஓட மூட்டை தூக்கிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் இதை விழுங்குவது மிகத் தவறான சேர்க்கை. சாப்பிட்ட பிறகு, நிறைய தண்ணீரோடு எடுங்கள். சிறுநீரக நோயோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எத்தனை நாள்? சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை போதும் என்பது என் அனுபவம்; இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தொடர்வதற்கு ஆதாரம் குறைவு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைத்தான் முதலில் வைக்கிறது. அதற்கும் மேல் மருந்து வேண்டுமென்றால் வலி மருந்தோ தசை தளர்த்தியோ என்கிறது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுத்துவிட்டு, படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள்ளேயே மெல்ல நடப்பது நல்லது. நம்மில் முதியவர்கள் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. குனியும் முறையையும் தூக்கும் முறையையும் அங்கே ஒருமுறை கற்றுக்கொண்டால், அடுத்த தடவை இடுப்பு பிடிப்பதையே ஓரளவு தடுக்கலாம்.

இந்த மாத்திரைக்கு உரியவை அல்லாதவை

இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்வதற்குத் தசை தளர்த்தி பெரிய பலன் தராது. எழுந்து நின்று குதிகாலைத் தரையில் ஊன்றித் தசையை நீட்டுவதே உடனடி நிவாரணம். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தொடையும் புஜமும் வலித்தால் அது பிடிப்பு அல்ல, அந்த மாத்திரையின் விளைவாக இருக்கக்கூடும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு எடுத்த பிள்ளைக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டால் சுளுக்கெடுக்க அழைத்துப் போகாதீர்கள். அது மருந்தால் வந்த இழுப்பு, மருத்துவமனையில் ஓர் ஊசியில் சரியாகிவிடும்.

‘வாயுப் பிடிப்பு’ என்ற சொல்லைக் கேட்டால் என் கை மாத்திரையை எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. நெஞ்சின் நடுவிலோ இடது தோளிலோ தாடையிலோ இறுக்கமும், அதோடு வியர்வையும் மூச்சிரைப்பும் இருந்தால், 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டுப் பார்த்துக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் இதயத்தைக் காப்பாற்றும் நேரம். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும், உட்காரும் இடம் மரத்துப் போனாலும் அன்றே பார்த்தாக வேண்டும். வாரக்கணக்கில் இருக்கும் முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்.

வாதம் வந்தவர்களின் வீட்டுக்கு

பக்கவாதத்துக்குப் பிறகு கை மடங்கி இறுகிப் போவதும், தண்டுவடக் காயத்துக்குப் பிறகு கால்கள் விறைத்துக் கொள்வதும் சாதாரணப் பிடிப்பு அல்ல. இவற்றுக்குத்தான் பாக்லோஃபென், டிசானிடின் ஆகியவற்றை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். இங்கே விதிகள் தலைகீழாக மாறுகின்றன. மற்றவர்களிடம் சீக்கிரம் நிறுத்துங்கள் என்று சொல்லும் நான், இவர்களிடம் திடீரென்று நிறுத்தவே கூடாது என்று கெஞ்சுகிறேன். பாக்லோஃபெனைச் சட்டென்று விட்டால் வலிப்பும் இல்லாததைக் காணும் மனக்குழப்பமும் வரலாம். டிசானிடினைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறும். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதடைந்தவருக்கும் டயாலிசிஸ் செய்பவருக்கும் சிறிய அளவே மூளையைக் குழப்பிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாதம் வந்த கால் விறைப்பாக இருப்பதாலேயே அதை ஊன்றி நிற்கும் நோயாளிகள் உண்டு. எங்கள் தெருவில் ஓர் அம்மா, மாத்திரையின் அளவைக் கூட்டிய மறுநாள் குளியலறைக்குப் போகும்போது கால் துணியைப் போலத் துவண்டு விழுந்தார். மருத்துவர் அளவைப் பழையபடி குறைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அளவு கூடிய முதல் வாரத்தில் ஒருவர் கூடவே இருக்கட்டும். வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. எங்கள் கடைக்குள்ளும் முழங்கால் அளவு இருந்தது. ஐந்தாம் நாள் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, தன் தம்பிக்கு மூன்று நாளாகப் பாக்லோஃபென் இல்லை என்றார். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்ததும், இந்த மாத்திரை வாங்கும் வீட்டாரிடம், சீட்டை முன்கூட்டியே புதுப்பித்து, பத்து நாளுக்கான மாத்திரையை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, சீட்டின் நகலோடு அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லி வருகிறேன்.